துருக் கழிவு

நூறு கிலோ தகரத்துக்கு மூன்று கிலோ
துருவென்று கழிப்பேன்.
கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை சாலை,
லாரிகள் திரும்பும் வளைவில் இருபத்திரண்டு வருடம்.
அந்த மூன்று கிலோவில்தான் வீடு கட்டினேன்.
மாதேஸ்வரி அதைத் திருட்டு என்பாள்.
கணக்கு நோட்டில் அந்தப் பத்தியை மட்டும்
என் கையாலேயே எழுத வைப்பாள்.

சித்திரையில் ஒருநாள்
மூன்று என்ற எண்ணைக் காட்டி
"இது யாரு?" என்றாள்.

பெங்களூரில் படத்தை வெளிச்சத்தில் மாட்டி
பேனா முனையால் சுற்றினார் டாக்டர் சௌஜன்யா.
வெள்ளை வளையம். நடுவே கறுப்பு.
"கறுப்பு, செத்துப்போன எடம்."
செத்தால் நல்லதுதானே என்றேன்.
"இது நல்ல சாவு இல்ல சார்.
மூச்சு முட்டி, வீங்கி, வெடிச்சுப் போறது.
நடுவுல இருக்கறது சாகச் சாக
ஓரத்துல இருக்கறது ஓடும்.
எங்க ஓடும்? மூளைக்குள்ளயேதான்."

நல்ல சாவும் இருக்கிறதாம்.
ஒவ்வோர் அணுவுக்குள்ளும் மடித்து வைத்த சீட்டு.
வேளை வந்தால் விளக்கை அணைத்து
சாமானைச் சின்ன மூட்டைகளாய்க் கட்டி
அக்கம்பக்கத்துக்குத் தின்னக் கொடுத்துவிட்டு
சத்தமில்லாமல் போய்விடும்.
சந்தூர்த் தோப்புகளில் பார்த்திருக்கிறேன்:
பிஞ்சைக் காம்பிலேயே கழற்றிவிடும் மரம்,
பழி காற்றின் மேல்.

இவள் தலைக்குள் இருப்பது
சீட்டைக் கிழித்துப்போட்ட கூட்டம்.
கதிர் வைத்தார்கள், முப்பது தவணை.
மாத்திரை, ராத்திரியில், வெறும் வயிற்றில்.
மருந்து போய் ஓர் எழுத்தைக் கெடுக்கும்,
அது உட்கார்ந்து திருத்திக்கொள்ளும்.
பசித்தால் தன்னையே கொஞ்சம் தின்று
மறுநாள் கடை திறக்கும்.
எங்கள் தொழிலில் அப்படி ஒருவன் இருந்திருந்தால்
ஓசூர் வரைக்கும் வளைத்துப் போட்டிருப்பான்.

"ஆராய்ச்சியில இன்னொண்ணு இருக்கு," போன மாதம் சொன்னார்,
"துருப்பிடிக்க வெச்சு சாகடிக்கறது."

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கட்டி இரும்பு வாங்கிக் குவிக்குமாம்,
ரத்தத்தில் வருவதையெல்லாம், எடைகூடப் பார்க்காமல்.
சுற்றிக் கொழுப்புச் சுவர்.
இரும்பு பற்றினால் சுவர் பொரிந்து உதிரும்.
ஆனால் உள்ளே ஒரு புரதம்
ரெட் ஆக்சைடு அடிக்கிற ஆள் மாதிரி
அடித்துக்கொண்டே இருக்கிறது.
அவன் கையைப் பிடித்துவிட்டால் போதும்.
"தட்டுல நடக்குது. எலியில நடக்குது.
மனுசருக்கு எப்போ வரும்னு தெரியாது சார்."
எடையில் ஏமாற்றாத ஆள்.

"நல்ல மூளை துருப்பிடிக்காதா?"
தூங்குகிறாள் என்று நினைத்திருந்தோம்.
டாக்டர் பேனாவை மூடினார்.
"அதைத்தான் நாங்களும் கேட்டுட்டிருக்கோம்."

சூளகிரி தாண்டும்போது மழை பிடித்தது.
வழக்கமாய் அந்நேரம் போன் போட்டு
தார்ப்பாயை இழுக்கச் சொல்வேன்.
சொல்லவில்லை.
வீட்டில் இறங்கியும் பாயைக் கையில் வைத்துக்கொண்டு
குவியலின் மேல் மழை பெய்வதைப்
பார்த்துக்கொண்டே நின்றேன்.
பிடி, பிடி என்றேன்.
வேண்டாதது எதையோ வேண்டுகிறவனைப் போல.

காலையில் முற்றமெல்லாம் செம்மஞ்சள்.
ஒரு பையன் சைக்கிள் பிரேம் கொண்டுவந்தான்.
தொட்டால் விரலில் ஒட்டுகிற துரு.
பதினோரு கிலோ. முழு எடைக்கும் காசை எடுத்தேன்.

நாற்காலியிலிருந்து அவள் கேட்டாள்,
"கழிச்சியா?"
இல்லை.
கொஞ்ச நேரம் தராசையே பார்த்தாள்.
"கழி," என்றாள்,
"மாத்திரை என்ன விலை விக்குது."