இரண்டு நிமிடம், பதினேழாவது நொடி

முதலில் ஒலியை அணைத்துவிட்டோம்.
பாட்டு இருந்தால் கண்ணிடம் பொய் சொல்லும்
என்றான் க்னியெவ்கோ.
க்டான்ஸ்க் துறைமுகத்துக்குப் பின்னால்
மூன்றாம் மாடி, செவ்வாய் மாலை வகுப்பு.
வெந்நீர்க் குழாய் மட்டும் சுவருக்குள்
தாளம் தவறித் தட்டிக்கொண்டிருந்தது.

மூன்று நிமிடம் நாற்பத்தோரு நொடி.
நூற்றுப் பதினான்கு வெட்டு.
எண்ணியது நான், இரண்டு முறை.
இரண்டாம் முறை நூற்றுப் பதிமூன்றுதான் வந்தது.
பெரியதையே எழுதிக்கொண்டேன்.

வெட்டு ஒன்று, துண்டு இரண்டு:
பாடகனுக்கு முகம் கிடைத்தது.
பின்னால் ஆடியவர்களுக்கு
இடுப்பு, கணுக்கால், ஈரக் கூந்தல்,
ஒரு முதுகு.
அட்டவணையில் கோடு கிழித்தேன்.
இடப்பக்கம் பார்ப்பவர்,
வலப்பக்கம் பார்க்கப்படுபவர்.
செய்வினை, செயப்பாட்டுவினை.
அந்த நீளச் சொல்லின் நடுவே
ஒரு பாட்டு மாட்டிக்கொண்டு கிடப்பதை
அன்றுதான் கவனித்தேன்.

கேமரா யாருடைய கண்?
விற்பவனுடையதா, வாங்குபவனுடையதா?
கேமராதான் கடைக்காரன், என்றாள் ஹால்ஷ்கா.
வாங்க வருபவன் விளம்பரக்காரன்.
எடை போட்டுத் தருவது நம் கண்களை.
க்னியெவ்கோ விடவில்லை:
டிராமில் நின்றபடி பார்க்கிறவன்
கட்டைவிரலால் பார்க்கிறான்,
திரை சுருங்கினால் பொருளும் சுருங்கும்.
எல்லாம் சரியாகவே இருந்தது.
சரியாக இருப்பதில் ஒரு கதகதப்பு உண்டு.

இரண்டு நிமிடம் பதினேழாவது நொடியில்
நிறுத்தினேன்.
பழைய கப்பல் பட்டறை. கிரேன். பனி.
வெள்ளி நிறச் சட்டைக்குள் திரும்பிய முதுகு,
தோள் காதுவரை ஏறி, தலை சற்று இடப்புறம்.
'முகம் மறுக்கப்பட்ட உடல்'
என்று வாசித்தேன்.
என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

அது நான், என்றாள் தோப்ராவா.

கடைசி வரிசை. ஒருநாளும் கோட்டைக் கழற்றாதவள்.
ஆறு வாரமாக எங்களோடு சேர்ந்து
அதே முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

பிப்ரவரி, மைனஸ் ஒன்பது.
நூற்றிருபது ஸ்லாட்டி, மதியம் பீட்ரூட் சூப்.
ஷூ ஓர் அளவு சின்னது.
பாட்டே போடவில்லை,
ஸ்பீக்கர் குளிரில் செத்துவிட்டது.
உதவி இயக்குநர் வாயாலேயே எண்ணினார்,
ஒன்று இரண்டு மூன்று நான்கு.
நாங்கள் ஆடியது அவர் தொண்டைக்கு.
முகத்தை யாரும் மறுக்கவில்லை.
நானேதான் திரும்பிக்கொண்டேன்.
அந்தப் பக்கம் ஹீட்டர் இருந்தது.

யாரோ சிரித்தார்கள். அவளும்தான்.
பிறகு கேட்டாள், கோபமில்லாமல்,
நிஜமாகவே தெரிந்துகொள்ள:
பதினொரு முறை எடுத்தார்கள்.
பத்தில் நான் கேமராவைப் பார்த்திருக்கிறேன்.
ஏன் இதை மட்டும் வைத்துக்கொண்டார்கள்?

வாசல்வரை போய்விட்ட கோட்பாடு
கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து
மறுபடி உட்கார்ந்தது.

அட்டவணையில் மூன்றாம் கோட்டுக்கு
நான் இடம் விட்டிருக்கவில்லை.
ஓரத்தில் செங்குத்தாக எழுதினேன்:
ஹீட்டர். சட்டத்துக்கு வெளியே. இடப்புறம்.

தோப்ராவா எழுந்து வந்து
ஒலியைத் திறந்தாள்.
அந்த முதுகுக்கு அன்று கேட்காத பாட்டு
அறைக்குள் வந்தது.
பாதம் பொருந்தியது, தோள் பொருந்தியது,
திரும்பும் இடத்தில் மட்டும்
அரை நொடி பிசகு.

மறுபடி போடு, என்றாள்.