வெள்ளிக்கிழமைக் கணக்கு

வெள்ளிக்கிழமை மாலை இந்தத் தெருவில்
என் பூட்ஸ் சத்தத்துக்கு ஒரு பெயர் இருந்தது:
'டாக்டரின் கை.'
சுரங்கம் சம்பளம் போடும் நாள்.
மதுக்கடை எடுப்பதற்கு முன்
நான் எடுத்தாக வேண்டும்.

மழை பெய்யும். வேல்ஸில் வேறென்ன பெய்யும்,
கரித்தூளைத் தவிர.
பூமிக்கு அடியில் என் இடது கால் நசுங்கியதற்கு
பூமிக்கு மேலே கிடைத்த வேலை இது.
நீல நோட்டு, பென்சில், ஒரு தோல்பை.
ஆண்களுக்குக் காப்பீட்டு அட்டை உண்டு.
பெண்டு பிள்ளைகளுக்கு நான்.

ஒன்பதாம் எண்: மகளுக்கு நிமோனியா.
ஒரு பவுண்டு நாலு ஷில்லிங்,
வாரம் ஆறு பென்ஸாகக் கரைகிறது.
பதினான்கு: பிரசவம்.
குழந்தை தங்கவில்லை, கடன் தங்கிவிட்டது.
இருபத்திரண்டு: திரைச்சீலைக்குக் கீழே
மிஸஸ் புரோசரின் செருப்பு தெரியும்.
"யாரும் இல்லை போல" என்று
உரக்கச் சொல்லிவிட்டு நடப்பேன்.
எல்லா வாரமும் அல்ல.
ஒருமுறை அவள் கடிகாரத்தைத் தூக்கி வந்திருக்கிறேன்.
வழியெல்லாம் என் கக்கத்தில் அது
துடித்துக்கொண்டே வந்தது.

கல்யாணப் பெண்ணுக்கு இங்கே என்ன சீர், தெரியுமா?
இருக்கிற பல்லையெல்லாம் ஒரே நாளில்
பிடுங்கிவிடுவது.
மாப்பிள்ளைக்கு இனிப் பல் செலவு இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் சுரங்கத்தார்
கூலியில் பவுண்டுக்கு மூன்று பென்ஸ் பிடித்து
தாங்களே ஒரு டாக்டரை வைத்துக்கொண்டார்கள்.
அந்த உண்டியலை நாடு முழுவதற்கும்
பெரிதாக்கப் போகிறார்கள் என்றது பேப்பர்.
"இனி நான் அரசாங்கக் குமாஸ்தா" என்று
டாக்டர் மேடக்ஸ் குழாயைக் கடித்தார்.
நானும் நம்பவில்லை.
காசு வாங்காத கதவை
நான் பார்த்ததில்லை.

நாற்பத்தெட்டு ஜூலை, ஐந்தாம் தேதி, திங்கள்.
நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
மாதாகோவில் சுவர்வரை வரிசை.
பெண்கள். பெண்கள். என் நோட்டில்
பிரசவத்துக்கு மட்டுமே வந்து போனவர்கள்.
ஏழாவதாக, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு,
என் கைன்வென்.

"என்ன?" என்றேன்.
"ஒன்றுமில்லை," என்றாள்,
"பன்னிரண்டு வருஷமாக."

இட்ரிஸ் பிறந்தபோது இறங்கிய கருப்பை.
மாவுச்சாக்கைக் கிழித்துக் கட்டிக்கொண்டு
தண்ணீர் சுமந்தாள், தரை தேய்த்தாள்,
என் முதுகின் கரியைத் தேய்த்தாள்.
ஊர் நோயெல்லாம் வீட்டு எண்ணோடு
மனப்பாடமாகத் தெரிந்தவன் நான்.
வெள்ளி இரவுகளில் என் எதிரே உட்கார்ந்து
கூட்டல் சரிபார்த்தவள் அவள்.
எது என்ன விலை என்று
என்னைவிட அவளுக்குத் தெரியும்.

கார்டிஃப் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள்.
கடைசி நாள் தோல்பையோடு நின்றேன்,
கடிகாரத்தைக்கூட உள்ளே வைத்திருந்தேன், எங்களுடையதை.
"ஓரமாக நில்லுங்கள், தள்ளுவண்டி வருகிறது"
என்றாள் நர்ஸ்.
என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

பிற்பாடு கண்ணாடிக்குக் காசு என்றார்கள்,
மருந்துச்சீட்டுக்கு ஒரு ஷில்லிங் என்றார்கள்.
அந்தச் சண்டை தனி.

எங்கள் மேட்டில் ஒரு விளக்குக் கம்பம் உண்டு.
பன்னிரண்டு வருஷம் ஒவ்வொரு ஞாயிறும்
அதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.
என் நொண்டிக் காலுக்காக நிற்கிறாள்
என்றுதான் நினைத்திருந்தேன்.
மனதுக்குள் நன்றிகூடச் சொல்லியிருக்கிறேன்.

இந்த ஞாயிறு அவள் நிற்கவில்லை.
மேட்டின் உச்சியிலிருந்து,
தொப்பியைக் காற்றுக்கு அழுத்திப் பிடித்தபடி,
"எம்ரிஸ், என்ன அங்கேயே நின்றுவிட்டாய்?"
என்கிறாள்.

கம்பத்தைப் பிடித்திருக்கிறேன்.