முப்பத்தெட்டாயிரம்

சத்தம் வந்திருந்தால் பிடித்திருப்பேன்.
சத்தம் கேட்டுத்தானே என் சீவியம்:
கொம்ப்ரசர் முனகினால் காஸ் குறைவு,
டக்கென்று நின்றால் ரிலே.
இது ஒன்றும் சொல்லவில்லை.
சந்திவெளி தாண்டி, கிரானுக்கு இந்தப் பக்கம்,
விடியப்புறம் ஐந்தே முக்காலுக்கு
சுவரிலிருந்து யாரோ பிளக்கைப் பிடுங்கினதுபோல
வான் வாயடைத்தது.
சில்லுகள் மட்டும் விசயம் தெரியாமல்
கொஞ்சத் தூரம் உருண்டன.

பின்னால் காஸ் சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி
'என்னண்ணே, டீசல் முடிஞ்சிட்டா?' என்றான் டிலுக்சன்.
ஸ்டார்ட் அடித்தேன்.
சுற்றியது, லேசாக, ஆகவும் லேசாக,
அரிசியில்லாத சுளகைப் புடைக்கிறமாதிரி.
வயிற்றுக்குள் அப்போதே தெரிந்துவிட்டது.
தெரிந்தும் இன்னொருமுறை அடித்தேன்.

டேஷ்போர்டில் ஒரு சின்ன விளக்கு.
லட்சம் ஓடினால் எரியும், பெல்ட்டை மாற்று என்று.
போன வருசம் மாற்றிய கணக்கை
வெயில்மறைப்பில் பேனையால் எழுதியிருக்கிறேன்.
கழித்துப் பார்த்தேன்:
முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
விளக்கு எரியவில்லை.
அது எண்ண மட்டும்தான் படித்தது.

வாழைச்சேனையில் ஹில்மி முதலாளியின் மீன்வாடி.
குளிரறைக்குள் எண்ணூறு கிலோ அறக்குளா,
ராவிலிருந்து பாகை ஏறுகிறது.
ஆறரைக்கு வாறன் என்றவன் நான்.
டிலுக்சனை பஸ்ஸில் ஏற்றினேன்
கேஜ், சாவிப்பெட்டி, சிலிண்டரோடு.
'இது வெடிக்குமா?' கண்டக்டர்.
'இல்ல, குளிரும்' என்றான் அவன்.
சிலிண்டருக்கும் டிக்கெட் எழுதினார்கள்.

என்னை இழுத்தது ஒரு மண் டிராக்டர்.
கயிற்றின் இந்த முனையில் ஸ்டியரிங் பிடித்தபடி
அன்ஸ்லி ரொசைரோவுக்குச் சொல்லவேண்டியதை அடுக்கினேன்.
செங்கலடியில் அவன் கவனமில்லாதவன்.
ஏறாவூரில் போலிச்சாமான் பூட்டுகிறவன்.
தன்னாமுனையில் தெளிந்த கள்ளன்.
பிள்ளையாரடி வரும்போது
நான் வழக்கறிஞர் பிடித்து
வழக்கும் வென்றிருந்தேன்.

பனிச்சையடிக் கராஜில்
அவன் என் முகத்தைப் பார்த்தான்.
சாவி எடுத்தான்.
மூடியைக் கழற்றக் கழற்ற
கறுப்புத் தூள் கொட்டியது, தேயிலைமாதிரி.
பெல்ட்டை வெளியே எடுத்து
வெளிச்சத்துக்குப் பிடித்தான்.
ஓரிடத்தில் ஒன்பது பல் மொட்டை.
யப்பான் எழுத்து அப்படியே இருக்கிறது, வெள்ளையாய்.
'பெல்ட்டில பிழையில்ல' என்றான்.
டென்ஷனர் புளியை என் கையில் வைத்தான்.
விரலால் சுற்றினேன். சுற்றவில்லை.
சூட்டில் நீலம் பாரித்திருந்தது,
மீன் செதிளின் நீலம்.
'பேரிங் இறுகிட்டு. பெல்ட்டு பாவம்.'

வாய் திறக்கப்போனேன்.
அவன் மேசை லாச்சியில் பில் புத்தகம் தேடினான்.
காபன் எழுத்து, கொஞ்சம் கலங்கியிருந்தது:
டென்ஷனர் பழையது. வான்காரர் சொல்.
கீழே, வால் நீட்டிய ஒரு கையெழுத்து.
அந்த வாலை எனக்குத் தெரியும்.

அது வைகாசி. மகளுக்குக் கண்ணாடி எடுத்த மாதம்.
சுத்துதுதானே, பழசையே பூட்டுங்க என்றிருக்கிறேன்.
மிச்சம் பிடித்தது ஒன்பதாயிரத்து ஐந்நூறு.
இப்போது எட்டு வால்வு, கைடு, கேஸ்கட், ஹெட் வேலை.
அவன் தொகையைச் சொல்லவில்லை,
தாளில் எழுதி என் பக்கம் திருப்பி வைத்தான்.
'பிளேன்டி குடிக்கிறீங்களா?'
வழக்கறிஞர் எங்கே போனாரோ தெரியாது.

ஹெட்டைக் கழற்றினபிறகு
வால்வுகளை ஒரு பால்மா டின்னுக்குள் போட்டான்.
ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் தலை சாய்ந்து.

பத்தரைக்கு போன்.
'அண்ணே, காஸ் சரி. பேன் மோட்டர்தான்.
பேரிங் கத்துது. புதுசு போடணும்.
முதலாளி சொல்றாரு
சுத்துதுதானே, பழசையே பூட்டட்டாம்,
காசைப் பிறகு பாப்பமாம்.
என்ன செய்ய?'

புளி இன்னும் என் உள்ளங்கையில்.
கிறீஸ் காய்ந்து ரேகைக்குள் இறங்கியிருக்கிறது.
அறக்குளா எண்ணூறு கிலோ.
ஹில்மிக்கும் ஒரு வைகாசி இருக்கும்.

'பூட்டு' என்றேன்.
'பில்லில எழுது. பெரிசா எழுது.
கையெழுத்து வாங்கு.'