ஒரு மீட்டர் அகலம்

முதலில் போனது மணம்.
பாரைக் குழம்பு அடிப்பிடித்துக் கருகி
பக்கத்து வளவில் சத்தம் போடும்வரை
அடுப்புக்கு முன்னால்தான் நின்றிருக்கிறேன்.
தடிமன் என்று நினைத்தோம்.

பிறகு கையெழுத்து.
முகமாலையில் பதினொரு வருடம்
விடியமுன் வரவுப் புத்தகத்தில் வைத்த
அதே ம. பிலோமினா
கோடு முடியமுதல் சிறுத்துச் சிறுத்து
கடைசி எழுத்து எறும்பாகிப் போனது.
பரந்தன் வங்கியில் பெடியன் திருப்பித் தந்தான்:
"அன்ரி, இது உங்கட கையெழுத்து இல்லை."
இரண்டு தரம் சொன்னான்.

வலது கை
சும்மா கிடந்தால் மட்டும் நடுங்கும்.
பெருவிரலும் சுட்டுவிரலும்
இல்லாத மண்கட்டி ஒன்றை உடைத்துக்கொண்டிருக்கும்.
வேலையில் பிடித்தால் நின்றுவிடும்,
அதனால் தேத்தண்ணி நேரத்திலும்
மண்வாரியைக் கீழே வைக்கவில்லை.
கௌசலாதேவி கண்டுவிட்டாள்.
என் முகக்கவசத்தைத் தானே கழற்றி வாங்கினாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
அதற்குக் கீழே இன்னொன்று இருந்ததைப்
பிறகுதான் டொக்டர் காட்டினார்.
இமை கொட்டாத, சிரிப்பு ஏறாத முகம்.

"வயலுக்கு மருந்தடிச்சனீங்களோ?"
ஓம்.
"கிணத்துத் தண்ணியோ?"
ஓம்.
"தலையில அடிபட்டதோ?"
எந்த வருடத்தைச் சொல்ல. ஓம்.
"தகப்பன், தாய், ஆருக்கும் நடுக்கம்?"
நடுங்கும் வயதுவரை அவர்கள் இருக்கவில்லை.

பேனையை மூடினார்.
"இதாலதான் எண்டு சொல்லேலாது, அம்மா.
மூளையின்ர அடியில ஒரு கறுப்புத் திட்டு.
அதில சுரக்கிறது வத்துது.
வெளியில தெரியேக்க பாதிக்குக் கிட்ட போயிருக்கும்."
அது விளங்கியது.
வாளி அடியில் முட்டும் சத்தத்தில்தானே
கிணற்றைப் பற்றி எங்களுக்குத் தெரியும்.

ஆறு, பத்து, இரண்டு, ஆறு.
சாப்பாட்டுக்கு அரை மணி முன், அரைக் குளிசை.
மீனோடு கூடாது, பருப்போடும் கூடாது.
கூடினால் உடம்பு தன்பாட்டில் நெளியும்,
பிந்தினால் கல்.
ஆஸ்பத்திரியில் முடிந்த மாதம் பார்மசியில் கடன்.
மாற்றாது, ஓட வைக்கும்,
பழைய லாண்ட்மாஸ்டரைக் கைபிடி போட்டுச் சுற்றுவதுபோல.

நடக்கலாம். வாசல்தான் கரைச்சல்.
நிலையடியில் கால் ஒட்டிக்கொள்ளும்.
"கீழ ஒண்டும் இல்லை, வா" என்பார் மரியதாஸ்.
எனக்குத் தெரியும்.
தெரியாத நிலத்தில் வைக்காதே என்று
இந்தக் கால்களைப் பழக்கியவளே நான்தான்.

நிலத்தில் கோடு போட்டுத் தாண்டச் சொல்லியிருந்தார்கள்.
ஞாயிற்றுக்கிழமை கௌசலாதேவி
கழித்துவிட்ட அடையாளக் குச்சிகள் ஒரு கட்டு
மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தாள்.
சிவப்பு நுனிகளை வாசலிலேயே முறித்தெறிந்தாள்.
வெள்ளையை மட்டும்
அடிக்கு ஒன்றாகக் குறுக்கே கிடத்தினாள்,
ஒழுங்கை மாதிரியே, ஒரு மீட்டர் அகலம்.
"உன்ர பாட்டில வா. அவசரமில்லை."

குசினிவரை பதினான்கு.
இன்று பத்து மணிக் குளிசை பிந்திவிட்டது.
ஒன்பதாவதில் நிற்கிறேன்.
தேத்தண்ணி ஆறட்டும்.