குடும்பப் பெயர்

முக்கூடல் பஸ் நிறுத்தத்துக்கு எதிர்க்கடை என்னுடையது.
இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ்.
நாலாய் மடித்த டிசியோடு
பலவேசம் வந்து உட்கார்ந்தான்.

பெயர் என்றது படிவம்.
டிசியில் பலவேசமுத்து.
ரேஷன் கார்டில் பலவேசம்.
வாக்காளர் அட்டையில் ஏதோ மென்பொருள்
பால வாசம் என்று அடித்துத் தந்திருந்தது.
"மூணும் நாந்தாங்க்கா."
மூணும் நீதான் என்று
வக்கீல் எழுதித் தர எண்ணூறு ரூபாய்.

பிறந்த தேதி ஜூன் ஒண்ணு.
தலைக்கு மேலே கையைப் போட்டு
காதைத் தொடச் சொன்ன வாத்தியார் எழுதியது.
அவன் வகுப்பில் பதினேழு பேர்
அன்றைக்கே பிறந்தவர்கள்.

குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம்.
வெறுமனே விடலாம்தான்.
ஆனால் போன மாசம் ஒற்றைப் பெயர்க்காரன் ஒருத்தனை
ஏர்போர்ட்டிலிருந்தே திருப்பிவிட்டார்கள்.
சப்பாணி என்று அப்பா பெயரைச் சொன்னான்.
அதற்கு வேறு கட்டம் இருந்தது.
பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்டான்,
"குடும்பப் பேருன்னா சாதியாக்கா?"
வாசலில் இரண்டு பேர் ரீசார்ஜுக்கு நின்றார்கள்.
நான் எதையோ வேகமாய் அடித்து
அடுத்த பக்கம் போய்விட்டேன்.

கணக்கில் முப்பத்திரண்டு மார்க்.
அந்த மூணு மார்க்கு குறைந்ததற்கு
பாஸ்போர்ட்டில் ஒரு வரி விழுந்தது:
வேலைக்குப் போகிறவனென்றால் சர்க்கார் சோதிக்கும்.
சுற்றிப் பார்க்கப் போகிறவனைச் சோதிக்காது.

உரிமம் வாங்கிய ஏஜென்ட் சென்னையில்.
ஒன்றேகால் லட்சம், எட்டு மாசம்.
வண்ணார்பேட்டையில் பெயர்ப்பலகை இல்லாத ஒருத்தர்.
நாற்பத்தைந்தாயிரம், வருகிற வியாழன்.
குழுக் கடன்காரன் செவ்வாய்க்குச் செவ்வாய்
பைக்கை அணைக்காமலே வாசலில் நிற்பான்.
பிரமாச்சி சுற்றுகிற ஆயிரம் பீடியில்
கழிவு போக மிஞ்சுவது
அந்தப் பைக்கின் பெட்ரோலுக்கும் காணாது.
எட்டு மாசத்தில் முப்பத்தைந்து செவ்வாய்.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது,
நானும் தேடிப் பார்த்தேன்.

ஊர்சுற்ற வந்தவன் என்று காட்ட
திரும்பி வரும் டிக்கெட் ஒன்று வேண்டும்.
நான்தான் போட்டுக் கொடுத்தேன்.
அச்சுக்கூலி முப்பது ரூபாய்.
"இந்தப் பிளேன் நெசமாவே வருமாக்கா?"
பிளேன் வரும், நீதான் இருக்க மாட்டே என்றேன்.
இரண்டு பேரும் சிரித்தோம்.

நேற்று ராத்திரி ஜொகூரிலிருந்து பேசி அனுப்பியிருந்தான்.
பின்னால் இரும்பு நறுக்குகிற சத்தம்.
"அபராதம் கட்டிட்டு ஊருக்குப் போறவங்களுக்கு
ஒரு பாரம் குடுக்காவளாம்க்கா.
பாஸ்போர்ட்டு மொதலாளி பூட்டி வச்சிருக்கான்.
அதுல உள்ளபடியே பேரு இருக்கணுமாம்.
அந்தக் கட்டத்துல அன்னைக்கு
என்ன போட்டோம்க்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை.
பிரமாச்சியிடம் இருந்த நகல்
ஐப்பசி மழையில் ஒழுகி ஊறிப்போயிற்று.
காலையில் வந்து நின்றாள்,
விரல் நகத்தில் புகையிலைத் தூள்,
கூடவே அவன் முகம் பார்க்காத பிள்ளை.
"அவியளுக்கு என்ன பேருன்னே தெரியலயாக்கா?"

கடையில் கரண்டு இல்லை.
செல்லில் என் பழைய மெயிலைத் தள்ளித் தள்ளித் தேடினேன்.
கல்யாணப் பத்திரிகைகள், பட்டா நகல்கள்,
யாருடையதோ மார்க் சீட்டு.
கடைசியில் கிடைத்தது,
நான் செய்த பொய் டிக்கெட்.
அதில் மட்டும்தான் முழுசாய் இருந்தான்:

பலவேசம் முக்கூடல்.
கோலாலம்பூர் – திருச்சி.
சன்னலோர இருக்கை.