நூற்றெண்பது கிராம் சோறு

தராசு சமையலறைக்கு வந்தது பிப்ரவரியில்.
கொத்தமல்லி இலை ஒன்று விழுந்தாலும்
கணக்கில் வைக்கும் சாதி.

அன்றிலிருந்து சோற்றுக்கு எடை உண்டு,
ருசி கிடையாது.
அறுபது கிராம். பிடித்தால் ஒரு கைக்குள் அடங்கும்.
எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எண்ணினேன்.
தேங்காயை வீட்டைவிட்டே விலக்கினேன்.
"தோசை ஒட்டுது" என்றான் இன்பராஜ்.
"சுரண்டிச் சாப்பிடு" என்றேன்.

மார்ச்சில் மூன்று கிலோ போயிற்று,
ஏப்ரலில் இன்னொன்று.
பழைய ஜீன்ஸ் மறுபேச்சில்லாமல் பூட்டிக்கொண்டது.
"எப்படி இப்படி?" என்று லிஃப்டில் கேட்டாள் லொரெய்ன்.
ஓட்டம் என்றேன்.
பட்டினி என்று யார் சொல்வார்கள்?

ஏரி மட்டும் நம்பவில்லை.

பல்லாரட்டில் வெண்டூரீ ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினால்
ஆறு கிலோமீட்டர்.
முப்பத்தைந்து நிமிடத்தில் சுற்றியவள்
முப்பத்தேழு, பிறகு முப்பத்தொன்பது.
எடை குறையக் குறையக் கனத்தேன்.
படகுக் கொட்டகைகளைத் தாண்டும்போது
யாரோ தொடையில் ஈரமணலை மூட்டை கட்டினார்கள்.
கருப்பு அன்னங்கள் பாதையை மறித்துப் புல் மேய்ந்தன,
காலை முழுக்க, கூச்சமே இல்லாமல்.
அவற்றின் கழுத்தின் மேல் அல்ல,
வாயின் மேல் பொறாமைப்பட்டேன்.

மே மாதம். எதிர்க்காற்று.
நாலாவது கிலோமீட்டரில் கண்ணுக்குள் பூச்சி பறந்தது.
பெஞ்சில் உட்கார்ந்தேன்.
உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.
தள்ளுவண்டியோடு வந்த ஒருத்தி
குழந்தையின் டப்பாவைத் திறந்து
அரை வாழைப்பழம் நீட்டினாள்.
குழந்தை என் வாயையே பார்த்தது.
நாற்பத்தொரு வயதில்
அதன் பங்கை அதன் எதிரிலேயே தின்றேன்.

என் தொழில் ரத்தம்.
ஆஸ்பத்திரி லேப், ராத்திரி ஷிப்ட்.
குழாய்களை மெஷினில் ஏற்றுவேன்,
எண் வரும், சரிபார்ப்பேன், அனுப்புவேன்.
அந்த வாரம் வரிசையில் என் குழாயும் ஒன்று.
ஃபெரிட்டின் ஏழு.
வேறு யாருடைய எண்ணாக இருந்தாலும்
அவர்களுக்காகக் கவலைப்பட்டிருப்பேன்.

இந்த ஏரி ஒரு வறட்சியில் அடியோடு வற்றியதாம்.
நடுவே புல் முளைத்து, காய்ந்து,
தீகூடப் பிடித்ததாம்.
ஏரி இளைத்துவிட்டது, எவ்வளவு லட்சணம் என்று
அப்போது எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தராசை நான் தூக்கி எறியவில்லை.
இப்போது அது வேறு கட்சி.
குறைந்துவிடக் கூடாதே என்று நிறுக்கிறேன்.
நெடுந்தூரம் ஓடும் நாளுக்கு நூற்றெண்பது கிராம் சோறு,
இரண்டு முட்டை, டின் மத்தியில் வைத்த குழம்பு.
ஓடாத நாளில் சோறு பாதி, பச்சைப்பயறு இரட்டிப்பு.
இரும்பு மாத்திரை ஆரஞ்சுச் சாறோடு.
அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் டீ கூடாது,
அதுதான் இந்த மொத்தக் கதையிலும் கொடுமை.

போனதில் இரண்டு கிலோ திரும்பி வந்தது.
வந்த அன்று குளியலறையில் கொஞ்சம் அழுதேன்,
அதையும் சொல்லிவிட வேண்டும்.
பிறகு ஜூன், ஜூலை, உறைபனி, கையுறை.
மேட்டுத்தெருவில் எட்டுமுறை ஏறி எட்டுமுறை இறங்கி
வந்து, பசித்து, உண்டு, உறங்கி.
எடை முள் அசையவில்லை.
இடுப்பில் மட்டும் ஜீன்ஸுக்கும் எனக்கும் நடுவே
ஒரு விரல் நுழைந்தது.
எப்போது என்று தெரியாது.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு
முப்பத்துமூன்று நிமிடம், நாற்பது வினாடி.
கடிகாரத்தை இருமுறை பார்த்தேன்.
அன்னம் ஒன்று சீறியது,
அதன் குஞ்சுகளை மிதிக்கப் பார்த்தேனாம்.

வீட்டுக்கு வந்து கல்லைக் காயவைத்து
ஓரமெல்லாம் நல்லெண்ணெய் விட்டேன்.
தோசை ஒட்டவில்லை.
அவன் போனைப் பார்த்தபடியே நாலு தின்றான்,
கவனிக்கவே இல்லை.
நான் ஐந்து.