இரண்டு கை வெள்ளம்

குழித்துறைப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
எங்கள் வீட்டு வடக்கு ஜன்னலில்
ஒரு ஆர்க்கிட் செத்துக்கொண்டிருந்தது.
பால்காய்ச்சுக்கு ஷைனி பெங்களூரிலிருந்து
மடியில் வைத்துக் கொண்டுவந்தது.
வந்த அன்று பதினொரு பூ.
ஆடிச் சாரல் ஓய்வதற்குள்
இலைகள் சுருங்கித் தொங்கின,
பழைய தோல் செருப்பு மாதிரி.

தாகம் என்று நினைத்தேன்.
வாடினால் வெள்ளம். வேறென்ன தெரியும்
ரப்பர் ஷீட் எடைபோடுகிறவனுக்கு?

ஞாயிறு, பூசை முடிந்து வந்து
பழைய பேப்பர் விரித்துச்
சட்டியிலிருந்து உருவினேன்.
முதலில் வந்தது நாற்றம்.
நல்ல வேர் நனைந்தால் பச்சை, காய்ந்தால் வெள்ளி.
இவை தவிட்டு நிறம்.
விரலில் நசுக்கினால் தோல் கழன்று
உள்ளே ஒரு நூல் மட்டும் மிஞ்சியது.

தாகமில்லை. மூழ்கியிருக்கிறது.

கணக்குதான் உதைத்தது.
காலையில் ஒரு டம்ளர்,
அவ்வளவுதானே ஊற்றினேன்?

ஜெசிந்தா அடுக்களை வாசலில் நின்றாள்.
ரோட்டோரம் நாலு சென்டை
அண்ணனுக்கு எழுதிக்கொடுத்ததிலிருந்து
சோறு, சாவி, கரன்ட் பில் தவிர
என்னிடம் அவளுக்குப் பேச்சில்லை.

"நானும் ஊத்துனேன்."
"எப்பம்?"
"ராத்திரி. நீங்க ஒறங்குன பொறவு."

முப்பத்தாறு நாள்.
ஓட்டையில்லாத பீங்கான் சட்டி.

கத்தரியைத் தீயில் காட்டினேன்.
அழுகியதெல்லாம் வெட்டியபின்
மூன்று வேர், அதிலொன்று சந்தேகம்.
வெட்டுவாயில் அவள்
கறுவாப்பட்டைத் தூள் தொட்டு வைத்தாள்.
தேங்காய்த் தொண்டு கொத்தி, சிரட்டைக்கரி கலந்து,
ஆணி பழுக்கக் காய்ச்சித் துளைபோட்ட
தயிர் டப்பாவில் நட்டோம்.

பங்கு காலண்டரில் ஒரு ஏற்பாடு வந்தது:
ஊற்றியவர் தேதிமேல் கோடு போட வேண்டும்.
என் கோடு நேர். அவளுடையது சாய்வு.
புரட்டாசி முழுக்க ஒன்றுமில்லை,
இன்னொரு இலை மஞ்சளாகி விழுந்ததைத் தவிர.
ஒரு செவ்வாய்க் கட்டத்தில் எழுதியிருந்தாள்:
'ஊத்தல்ல. கரி ஈரமா இருக்கு.'
அந்த மாதம் எனக்குக் கிடைத்ததில்
நீளமான வாக்கியம் அது.

ஐப்பசியில் அடுத்த மழை
(எங்கள் பக்கம் வருஷத்துக்கு இரண்டு).
தண்டின் அடியில், மிளகுப் பருமனில்,
ஊதாவும் பச்சையுமாய் ஒரு முனை.
டப்பாவுக்குள் இறங்கவில்லை அது.
பக்கவாட்டில் நீண்டு நீண்டு
கார்த்திகையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துவிட்டது.

"திருப்பி உள்ள விடட்டா?"
"சும்மா கெடக்கட்டு. ஒடிஞ்சிரும்."

நாலு சென்ட் போனது போனதுதான்.
பூவும் இன்னும் இல்லை.
இன்று காலை காலண்டரைப் பார்க்காமல்
அவளிடமே கேட்டேன், ஊத்தணுமா என்று.

வேரைக் குனிந்து பார்த்தாள்.
"நாளைக்கு," என்றாள்.